பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் இறப்பு அபாயம்: எந்தக் கணக்கை எதற்கு எடுப்பது?

காகிதத்தில் ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். வயது 74. பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய். ஸ்கேனில் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் பெருத்திருக்கின்றன; கல்லீரலில் ஒன்றுமில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மேல் அழுத்தம் 150, நாடி 88, யூரியா லிட்டருக்கு 8 மில்லிமோல், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.6 கிராம். மூச்சுத்திணறல் இல்லை. ஈசிஜி, சோடியம், பொட்டாசியம், வெள்ளணு எண்ணிக்கை எல்லாம் இயல்பு. திட்டமிட்ட அறுவை. ரத்த இழப்பு 200 மி.லி., வயிற்றறையில் சீழோ மலமோ இல்லை. எடுத்த முடிச்சுகளில் புற்று இருப்பதை நோய்க்கூறு அறிக்கை உறுதி செய்தது.

இவர் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் எவ்வளவு? நோயாளிக்கும் அறுவைக்கும் மதிப்பெண் போட்டு அபாயத்தைக் கணிக்கும் பாஸம் என்ற சூத்திரம், 1991-ல் வந்தது, 17 சதவீதம் என்கிறது. அதைத் திருத்திய பி-பாஸம் 6.6 என்கிறது. குடல் அறுவைக்கென்றே அமைத்த சிஆர்-பாஸம் 4.8. அறுவைக்கு முன்பே தெரிந்ததை மட்டும் கேட்கும் சார்ட் என்ற கணக்கி 3.2, அதுவும் நோயாளியின் பொது உடல்நிலையைத் தரம்பிரிக்கும் ஏஎஸ்ஏ முறையில் மயக்கவியல் மருத்துவர் இவரை மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்தால். இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் 0.8 தான்.

ஆள் ஒருவர், ரத்தப் பரிசோதனையும் ஒன்று. விடை மட்டும் 0.8-லிருந்து 17 வரை ஓடுகிறது. ஆகவே 'எது துல்லியமானது' என்று தேடிப் போனால் ஊர் போய்ச் சேர முடியாது. எந்த நேரத்தில், யாருக்காக, எந்த முடிவை எடுக்க இந்த எண் வேண்டும் என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அறுவைக்கு முன் நோயாளியிடம் பேசவும், தீவிர சிகிச்சைப் படுக்கை ஒதுக்கவும் சார்ட் அல்லது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் என்எஸ்க்யூஐபி கணக்கி. 65 வயதைத் தாண்டியவர் என்றால் கூடவே உடல் நொய்மை அளவுகோல். அடைப்பு, குடல் துளை என்று அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டியவர்களுக்கு, அவசர அறுவைக்கென்றே கட்டிய நெலா கணக்கி. ஒரு பிரிவின் ஓராண்டு விளைவுகளை எடைபோட, உள்ளூர்த் தரவுக்கு ஏற்பத் திருத்திய ஒரு மாதிரியும் (அதாவது கணிப்புச் சூத்திரமும்) 90 நாள் இறப்பு எண்ணிக்கையும். பாஸம் குடும்பத்துக்குப் பின்னோக்கிப் பார்க்கும் வேலை மட்டுமே மிச்சம். மூலப் பாஸமை எதற்கும் எடுக்க வேண்டியதில்லை.

பாஸம் குடும்பம்

மூலப் பாஸமில் உடல்நிலைக்கு 12 கூறுகள், அறுவைக்கு 6 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1, 2, 4, 8 என்று மதிப்பெண். எல்லாமே சரியாக இருக்கும் ஆளுக்குக்கூட உடல்நிலையில் 12, அறுவையில் 6 வந்தே தீரும். அந்தக் குறைந்தபட்சத்தைச் சூத்திரத்தில் போட்டால் இறப்பு அபாயம் 1.08 சதவீதம். அதற்குக் கீழே அந்தச் சூத்திரத்தால் இறங்கவே முடியாது. ஆரோக்கியமான ஒருவருக்குச் சிறு அறுவை செய்தாலும் நூற்றில் ஒருவர் இறப்பார் என்று சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போர்ட்ஸ்மத் நகரத்தார் 1990-களின் பிற்பாதியில் மதிப்பெண்களைத் தொடாமல் சூத்திரத்தின் எண்களை மட்டும் மாற்றி பி-பாஸம் ஆக்கியதன் காரணம் இதுதான். அதில் குறைந்தபட்சம் 0.22 சதவீதம்.

2004-ல் வந்த சிஆர்-பாஸம் 18 கூறுகளைப் பத்தாகச் சுருக்கியது. உடல்நிலைக்கு ஆறு: வயது, இதயச் செயலிழப்பு, மேல் ரத்த அழுத்தம், நாடி, யூரியா, ஹீமோகுளோபின். அறுவைக்கு நான்கு: அறுவையின் கடுமை, வயிற்றறை மாசு, அவசரம், புற்றின் நிலை. கையாலேயே போட்டுவிடலாம். நம் நோயாளிக்குப் போட்டுப் பார்ப்போம்.

வயது 71-லிருந்து 80-க்குள், ஆகவே 4. இதயச் செயலிழப்பு இல்லை, 1. மேல் அழுத்தம் 100–170 வரம்புக்குள், 1. நாடி 40–100-க்குள், 1. யூரியா 10-க்குக் கீழ், 1. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், 3. மொத்தம் 11. அறுவைப் பக்கம்: பெரிய அறுவை 4, மாசு இல்லை 1, திட்டமிட்டது 1, புற்று முடிச்சுகளுக்குப் பரவிய டியூக்ஸ் சி நிலை 2. மொத்தம் 8.

இனி, −9.167 + (0.338 × 11) + (0.308 × 8) = −2.985. இது இறக்கும் வாய்ப்புக்கும் பிழைக்கும் வாய்ப்புக்கும் இடையிலான விகிதத்தின் இயல் மடக்கை. 2.718-ஐ இந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் 0.0505. அதை 1.0505-ஆல் வகுத்தால் 0.048, அதாவது 4.8 சதவீதம்.

ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. எந்தக் கட்டத்தில் தவறினால் எண் எவ்வளவு தாவும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

முதல் பொறி அலகு. பல ஆய்வகங்கள் யூரியாவை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் தருகின்றன. 8 மில்லிமோல் என்பது அந்த அலகில் ஏறக்குறைய 48. கணக்கியில் 48 என்று தட்டிவிட்டால் யூரியாவின் மதிப்பெண் 1-க்குப் பதில் 3 ஆகி, அபாயம் 4.8-லிருந்து 9.0-க்கு ஏறிவிடும். சில ஆய்வகங்கள் யூரியாவாகத் தராமல் யூரியா நைட்ரஜனாகத் தரும்; மில்லிமோலில் 10 என்ற எல்லைக் கோடு அங்கே 28 மில்லிகிராம், யூரியாவாகத் தந்தால் 60 மில்லிகிராம். ஹீமோகுளோபினிலும் இதே சங்கடம். லிட்டருக்குக் கிராம் என்ற அலகில் 135 என்று வந்ததை அப்படியே போட்டால், இயல்பான ஆளுக்கு '18-க்கு மேல்' என்ற மதிப்பெண் விழும். இதில் வேடிக்கை என்னவென்றால், நம் நோயாளிக்கு 96 என்று தவறாகப் போட்டாலும் அதே 3 தான் வரும். தவறு வெளியே தெரியாது. பத்துப் படிவங்களைச் சரிபார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட முடியாததன் காரணம் இது.

இரண்டாவது, அவசரம் என்ற ஒரு சொல். அதே நோயாளி குடல் அடைப்போடு வருகிறார் என்று வையுங்கள். நாடி 112, யூரியா 12, மேல் அழுத்தம் 105. உடல்நிலை மதிப்பெண் 13 ஆகிறது. அறுவை 'விரைவு' என்றால் 3, 'உடனடி' என்றால் 8. விரைவு என்று குறித்தால் அபாயம் 15.5 சதவீதம், உடனடி என்று குறித்தால் 46. நள்ளிரவில் படிவம் நிரப்பும் பயிற்சி மருத்துவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறார் என்பதில் மூன்று மடங்கு வேறுபாடு கிடக்கிறது. மூலப் பாஸம் வகுத்த முறையில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் திரவம் ஏற்றித் தேற்ற அவகாசம் இருந்து, 24 மணி நேரத்துக்குள் செய்வது ஒரு வகை. இரண்டு மணி நேரத்துக்குள் செய்தே ஆக வேண்டியது இன்னொரு வகை. அடைப்போடு வரும் பெரும்பாலோர் முதல் வகையினர். இந்த எல்லையைப் படிவத்திலேயே அச்சடித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எந்த நேரத்து அளவை எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. பாஸம் கேட்பது அறுவைக்குச் சற்று முன் உள்ள நிலை. சேர்க்கையின்போது இருந்த மிக மோசமான அளவை அல்ல. இதே நோயாளிக்குத் திரவம் ஏற்றி நாடி 98-க்கு இறங்கினால், விரைவு வகையில் 15.5 என்பது 11.6 ஆகிறது. ஒரு மருத்துவர் சேர்க்கை நேரத்து அளவையும் இன்னொருவர் தேற்றிய பிறகான அளவையும் எழுதினால், அந்தப் பிரிவின் சராசரிக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

மூன்றாவது பொறி எல்லாவற்றிலும் பெரியது. ரத்த இழப்பு, வயிற்றறை மாசு, முடிச்சுகளில் புற்று பரவியிருக்கிறதா என்ற தகவல் ஆகியவை அறுவை முடிந்த பிறகே தெரியும். கடைசியது நோய்க்கூறு அறிக்கை வந்த பிறகுதான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் இவற்றை ஊகித்துப் போட்டு, தசம புள்ளியோடு ஒரு சதவீதத்தை நோயாளியிடம் சொல்வது கணக்கல்ல, ஜோசியம். இன்னொரு கோணலும் உண்டு. ரத்த இழப்பு அதிகமானால் பாஸம், பி-பாஸம் இரண்டிலும் எதிர்பார்க்கும் இறப்பும் ஏறும். திறமைக் குறைவால் ஒரு லிட்டர் ரத்தம் போனாலும் 'நோயாளியே அபாயகரமானவர்' என்று கணக்கு சமாதானம் சொல்லிவிடும். தரத்தை அளக்க வந்த கருவி தரக்குறைவை மறைக்க உதவுகிறது என்பதால்தான் தணிக்கைக்குக்கூட இவை இரண்டாம் தெரிவு.

இவற்றோடு காலமும் சேர்ந்துகொண்டது. சிஆர்-பாஸம் 1993–2001 காலத்து பிரிட்டன் நோயாளிகளை வைத்துக் கட்டியது. லேப்ராஸ்கோப்பி என்ற துளை வழி அறுவை பரவியது, அறுவைக்குப் பின் விரைவாகத் தேறவைக்கும் முறைகள் வந்தது எல்லாம் பெரும்பாலும் பிற்பாடு. திட்டமிட்ட அறுவைகளில் இறப்பு இப்போது வெகுவாகக் குறைந்திருப்பதால், இந்தக் குடும்பம் முழுதுமே பல மருத்துவமனைகளில் உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது.

அறுவைக்கு முன் கேட்கக்கூடியவை

சார்ட் கேட்பது ஆறே கேள்விகள்: ஏஎஸ்ஏ வகுப்பு, அவசரம், எந்தத் துறை அறுவை, எவ்வளவு பெரியது, புற்றுநோயா, வயது 65–79-ஆ அல்லது 80-க்கு மேலா. ரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. வெளிநோயாளி அறையில் ஒரு நிமிடத்தில் முடியும். 2014-ல் வெளியான இது எல்லாத் துறை அறுவைகளையும் சேர்த்துக் கட்டியது. குடலுக்கென்று தனியாக எதுவும் தெரியாது.

எளிமைக்குக் கொடுக்கும் விலை ஏஎஸ்ஏ. இரண்டாம் வகுப்பு என்றால் லேசான நோய், மூன்றாம் வகுப்பு என்றால் கடுமையான நோய். மாத்திரையில் கட்டுப்பட்ட ரத்த அழுத்தத்தோடு ஹீமோகுளோபின் 9.6 இருக்கும் நம் நோயாளி எந்த வகுப்பு? இரண்டு மயக்கவியல் மருத்துவர்களைக் கேட்டால் இரண்டு விடை வரலாம்; ஏஎஸ்ஏ-வில் ஆளுக்கு ஆள் வேறுபாடு பல காலமாகப் பதிவாகியிருக்கும் விஷயம். சார்ட்டில் அந்த ஒரு படி அபாயத்தை நான்கு மடங்காக்குகிறது. ஆகவே சார்ட்டைத் தெரிவு செய்யும் பிரிவு, சந்தேக நோயாளிகளை எந்த வகுப்பில் போடுவது என்று மயக்கவியல் துறையோடு உட்கார்ந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொள்ளட்டும். அவசரத்தில் 'சில நாட்களுக்குள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. புற்றுநோய் என்பதாலேயே எல்லோரையும் அதில் போட்டால் அபாயம் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். இரண்டு வாரம் காத்திருக்கக்கூடியவர் திட்டமிட்ட அறுவை நோயாளிதான்.

2020-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 22,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். மருத்துவர்களின் சொந்த மதிப்பீடும் சார்ட்டும் தனித்தனியே நின்றதைவிட, இரண்டையும் சேர்த்தபோது யார் இறப்பார், யார் பிழைப்பார் என்று பிரித்தறிவது மேம்பட்டது. கணக்கியா, அனுபவமா என்ற பட்டிமன்றத்துக்கு இடமில்லை. ஆனால் ஒழுங்கு ஒன்று வேண்டும்: மருத்துவர் தன் மதிப்பீட்டை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கணக்கியைத் திறக்க வேண்டும். எண்ணைப் பார்த்த கண் தானாகவே அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

என்எஸ்க்யூஐபி கணக்கி 2013-ல் வந்தது. 14 லட்சம் அறுவைகளின் தரவு. சுமார் இருபது கேள்விகள். அவற்றோடு செய்யப்போகும் அறுவையின் குறியீட்டு எண்ணைத் தர வேண்டும். இறப்போடு நின்றுவிடாமல் நிமோனியா, காயத்தில் சீழ், மறுபடி சேர்க்கை போன்றவற்றையும் தனித்தனியாகச் சொல்லும். நோயாளியோடு பேசுவதற்கு இதுவே வளமானது. சாவைவிட 'வீட்டுக்குப் போக முடியுமா, நடமாட முடியுமா' என்பதே பல முதியவர்களின் கேள்வியாக இருக்கிறது.

குறியீட்டில்தான் சறுக்கும். திறந்த முறையில் பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைப்பது 44140. அதையே லேப்ராஸ்கோப்பியில் செய்தால் 44204. எண்ணை மாற்றினால் அபாயம் குறைந்து காட்டும். அந்தக் குறைவு முழுதும் துளை வழி அறுவையின் புண்ணியம் அல்ல. லேப்ராஸ்கோப்பிக்கு வந்தவர்கள் ஏற்கனவே ஓரளவு திடமானவர்கள் என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்து 'லேப்ராஸ்கோப்பியில் உங்களுக்கு இவ்வளவு பாதுகாப்பு கூடும்' என்று சொல்வது தவறு. கணக்கி ஒப்பிடுவது இரண்டு கூட்டங்களை. ஒரே ஆளின் இரண்டு எதிர்காலங்களை அல்ல.

இதே தவறு வேறு வேடத்திலும் வரும். பிரிட்டன்–அயர்லாந்து பெருங்குடல் அறுவை மருத்துவர் சங்கத்தின் மாதிரி 2003-ல் 73 மருத்துவமனைகளின் 8,077 நோயாளிகளிடமிருந்து பிறந்தது. அன்றைய 30 நாள் இறப்பு 7.5 சதவீதம். வயது, ஏஎஸ்ஏ, புற்றின் நிலை, அவசரம், கட்டியை வெட்டி எடுத்தார்களா இல்லையா என்ற ஐந்தே கூறுகள். கட்டியை எடுக்காதவர்களுக்கு அபாயம் அதிகம் என்று அது காட்டும். அதைப் படித்துவிட்டு, நலிந்த நோயாளிக்கு வயிற்றில் செயற்கை மலவாய் மட்டும் வைத்து முடிப்பதைவிடக் கட்டியை எடுப்பதே பாதுகாப்பு என்று முடிவு கட்டினால் விபரீதம். கட்டியை எடுக்க முடியாதபடி நோய் முற்றியவர்களே அந்தக் கட்டத்தில் நிறைந்திருந்தார்கள்.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். நம் நோயாளிக்கு ரத்தம் ஏற்றி 10.2-க்குக் கொண்டுவந்தால் சிஆர்-பாஸம் 4.8-லிருந்து 3.5-க்கு இறங்கும். உண்மை அபாயம் இறங்கியதா? எண் இறங்கியது என்று மட்டுமே சொல்ல முடியும். 2020-ல் வெளியான ப்ரெவென்ட் சோதனையில், பெரிய வயிற்று அறுவைக்கு முன் நரம்பு வழி இரும்புச்சத்து கொடுத்ததால் ஹீமோகுளோபின் ஏறியதே தவிர, ரத்தம் ஏற்றும் தேவையோ 30 நாள் இறப்போ குறையவில்லை. ரத்தசோகைக்கு வைத்தியம் செய்ய வேறு நல்ல காரணங்கள் உண்டு. மதிப்பெண்ணை அழகுபடுத்துவது அதில் சேராது.

பிரெஞ்சு அறுவை சங்கத்தின் குறியீடு ஒன்றும் உண்டு. அவசர அறுவையா, ஆறு மாதத்தில் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்ததா, நரம்பு நோய் உண்டா, வயது 70-க்கு மேலா என்று நான்கே கேள்விகள். கணக்கி கையில் இல்லாத இடத்தில் உதவும். மற்றவை கேட்க மறக்கும் எடை இழப்பை இது கேட்கிறது என்பதற்காகவே நினைவில் வைக்கலாம்.

மதிப்பெண் பார்க்காத உடம்பு

மேலே சொன்ன எதுவும், இந்த 74 வயதுக்காரர் தானே குளிக்கிறாரா, கடைக்குப் போய் வருகிறாரா, நாற்காலியை விட்டு எழ ஆள் வேண்டுமா என்பதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ராக்வுட் நொய்மை அளவுகோல் 1-லிருந்து 9 வரை. 5-லிருந்து நொய்மை தொடங்குகிறது. பார்க்க இரண்டு நிமிடம் போதும், ஆனால் இங்கே ஒரு வழக்கமான பிழை: கட்டிலில் வாடிக் கிடக்கும் இன்றைய நிலையைப் பார்த்து 7 என்று எழுதிவிடுகிறார்கள். அளக்க வேண்டியது இந்த நோய் ஆளைக் கிடத்துவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்த நிலையை. வீட்டு ஆட்களைக் கேட்காமல் அது வராது.

உடல் தாங்குதிறனைக் கண்ணால் அளப்பது இன்னும் மோசம். 2018-ல் வந்த மெட்ஸ் ஆய்வில், குறைந்தபட்ச உழைப்பு அளவான 4 மெட்டை, அதாவது ஓய்வில் செலவாகும் ஆற்றலின் நான்கு மடங்கை, எட்ட முடியாதவர்களில் ஐந்தில் ஒருவரைத்தான் மருத்துவர்களின் பார்வை கண்டுபிடித்தது. மாடிப்படி ஏறுவீர்களா என்று போகிற போக்கில் கேட்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு. அதற்கு மாற்றாக, அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்கும் டாசி என்ற 12 கேள்விப் படிவம் இருக்கிறது. முழு மதிப்பெண் 58.2, 34-க்குக் கீழே போனால் கவனம் வேண்டும். வசதி உள்ள இடத்தில் மிதிவண்டிச் சோதனை. 1993-ல் ஓல்டர் குழுவினர் 187 முதியவர்களைச் சோதித்தபோது, காற்றில்லா எல்லை (உழைப்பு கூடும்போது உடலுக்கு ஆக்சிஜன் போதாமல் போகத் தொடங்கும் கட்டத்தில் அது எடுக்கும் ஆக்சிஜன் அளவு) கிலோவுக்கு நிமிடத்துக்கு 11 மி.லி.க்குக் கீழே இருந்தவர்களில் 18 சதவீதம் பேர் இதய–ரத்தநாளக் காரணங்களால் இறந்தார்கள். மேலே இருந்தவர்களில் 0.8 சதவீதம். மாரடைப்பு, இதயச் செயலிழப்புச் சிகிச்சை வேறாக இருந்த காலத்து எண்கள் அவை. 11 என்ற கோட்டைக் கடவுள் போட்ட கோடாக எடுத்துக்கொண்டு 10.8 வந்தவருக்கு அறுவையை மறுப்பது சரியல்ல. அந்த எண்ணுக்கு உரிய வேலை படுக்கையைத் தீர்மானிப்பது: அறுவைக்குப் பின் பொது வார்டா, உயர் கண்காணிப்பா.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. எல்லா மாதிரிகளும் அறுவை செய்தவர்களின் தரவில் பிறந்தவை. 'இவர் தாங்க மாட்டார்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதில் இல்லை. மிக நலிந்தவர்களில் தேர்ந்தெடுத்த சிலரே தரவுக்குள் வந்திருப்பதால், அந்த முனையில் கணக்கி அபாயத்தைக் குறைத்துச் சொல்லக்கூடும்.

அவசர அறுவை

அடைப்பு, குடல் துளை, நிற்காத ரத்தப்போக்கு. இங்கே இறப்பு திட்டமிட்டதைவிடப் பல மடங்கு. இங்கிலாந்து, வேல்ஸின் தேசிய அவசர வயிற்றறை அறுவைத் தணிக்கையிலிருந்து வந்த நெலா கணக்கியே இங்கு முதல் தெரிவு, ஏனென்றால் அவசரத்துக்கென்றே கட்டியது. சிஆர்-பாஸம் 46 சதவீதம் என்று சொல்லி எல்லோரையும் பயமுறுத்தும் இடம் இது, முன்னே பார்த்தோம்.

எண்ணை வைத்து என்ன செய்வது என்பதிலும் நெலா வழி தெளிவு. கணித்த இறப்பு 5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் உயர் அபாய நோயாளி: மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்கவியல் மருத்துவரும் அறையில் இருக்க வேண்டும், அறுவை முடிந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிரிட்டனின் வழிகாட்டுதல் வைத்திருக்கும் கோடு அது. தலைகீழாக வாசிக்கக் கூடாது: 4 சதவீதம் வந்தது என்பதற்காக ரத்த அழுத்தம் 85-ல் நிற்பவரைப் பொது வார்டுக்கு அனுப்பக் காரணம் ஆகாது.

விடுபட்ட பரிசோதனைகளை இயல்பு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவசரத்தில்தான் அதிகம் கெடுக்கிறது. மிக மோசமான நிலையில் வருபவருக்கே எல்லா ரத்தப் பரிசோதனையும் வருவதற்குள் அறுவை தொடங்கிவிடும். ஆக, மிக அபாயமானவர்கள்தான் தாளில் மிக ஆரோக்கியமாகத் தெரிவார்கள்.

அறுவை முடிந்த நிமிடத்தில் பயன்படக்கூடியது ஒன்று உண்டு: அறுவை ஆப்கார் மதிப்பெண். 2007-ல், பெருங்குடல் வெட்டு நோயாளிகளின் தரவிலிருந்தே பிறந்தது. ரத்த இழப்பு, நாடியின் கீழ் அளவு, சராசரி ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து பத்து மதிப்பெண். 4-ம் அதற்குக் கீழும் என்றால் அன்றிரவு யாரை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நாடி செயற்கையாகக் குறைந்து மதிப்பெண் கூடிவிடும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நோயாளியிடம் எப்படிச் சொல்வது

3.2 சதவீதம் என்று சொல்லாதீர்கள். அந்த 0.2-க்கு எந்த அர்த்தமும் இல்லை. 'உங்களைப் போன்ற நூறு பேருக்கு இந்த அறுவையைச் செய்தால், ஏறக்குறைய 95-லிருந்து 98 பேர் ஒரு மாதத்துக்குப் பின்னும் நம்மோடு இருப்பார்கள், இரண்டிலிருந்து ஐந்து பேர் இருக்க மாட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியாது.' இந்த அளவு போதும். கூடவே அறுவை வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்பதும் சேர வேண்டும்: அடைப்பு, ரத்தப்போக்கு, பரவல். இந்தக் கணக்கிகள் எதுவும் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பிரிவின் தணிக்கை

இங்கே 30 நாள் போதாது. இணைப்பு கசிந்து, சீழ் பிடித்து, தீவிர சிகிச்சையில் வாரக்கணக்கில் தாங்கி 41-ஆம் நாளில் இறப்பவர் 30 நாள் கணக்கில் பிழைத்தவர். 'மருத்துவமனையில் இறப்பு' என்ற அளவு அதைவிட மோசம். கடைசி நேரத்தில் வீட்டுக்கு அழைத்துப் போனால் எண் அழகாகிவிடும். பிரிட்டனின் தேசியக் குடல் புற்றுநோய்த் தணிக்கை 90 நாள் இறப்பை, வயது, ஏஎஸ்ஏ, நோயின் நிலை, சேர்க்கை வகை, உடனிருக்கும் நோய்கள் ஆகியவற்றுக்குச் சரிக்கட்டி வெளியிடுவது இதனால்தான்.

மாதிரியின் தரத்துக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது வளைவின் கீழ்ப் பரப்பு. 0.8 என்றால் 80 சதவீதம் சரி என்று அர்த்தமல்ல. இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் எடுத்தால், நூற்றுக்கு 80 தடவை இறந்தவருக்குக் கூடுதல் அபாயம் சொல்லியிருக்கும் என்பதுதான். வரிசை சரியாக இருந்தும் அளவு இரட்டிப்பாக இருக்கலாம். தணிக்கைக்கு அளவுதான் வேண்டும்.

எண்ணிக்கைச் சிக்கலையும் மறைக்க முடியாது. ஆண்டுக்கு 100 அறுவை, 3 இறப்பு. தற்செயலின் ஆட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் அந்த 3-க்குப் பின்னால் உள்ள உண்மை அளவு 0.6-லிருந்து 8.8 வரை எங்கும் இருக்கலாம். ஓராண்டு எண்ணை வைத்து ஒரு மருத்துவரைப் பாராட்டுவதும் பழிப்பதும் ஒன்றுதான். ஒரு மாதிரியை உங்கள் இடத்தில் முறையாகச் சோதிக்க 100 இறப்புகளாவது வேண்டும் என்பது புள்ளியியலாளர்களின் பொது விதி. 3 சதவீத இறப்பில் அது 3,300 அறுவை. தனி மருத்துவமனையால் ஆகாது, பல பேர் சேர வேண்டும்.

சேரும் வரை ஒரு சிறு திருத்தம் செய்துகொள்ளலாம். மூன்று ஆண்டில் 300 அறுவை. கணக்கி எதிர்பார்த்தது 18 இறப்பு, நடந்தது 9 என்று வையுங்கள். நடந்ததில் இறப்பு–பிழைப்பு விகிதம் 3-க்கு 97, அதாவது 0.0309. எதிர்பார்த்ததில் 6-க்கு 94, அதாவது 0.0638. முதலாவதை இரண்டாவதால் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் −0.72. சூத்திரத்தின் முதல் எண்ணோடு இதைக் கூட்ட வேண்டும்: −9.167 என்பது −9.89 ஆகிறது. நம் நோயாளியின் 4.8 சதவீதம் 2.4 ஆகிறது. இது தோராயம்தான், அந்த 9 இறப்பே 4-லிருந்து 17 வரை ஆடக்கூடியது. வரிசையைத் தொடாமல் அளவை மட்டும் மாற்றுவதால், அபாயம் குறைந்தவர்களிடமும் கூடியவர்களிடமும் வெவ்வேறு அளவில் தவறும் மாதிரியை இது சரிசெய்யாது. நோயாளிகளைக் கணித்த அபாயப்படி மூன்று அடுக்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எதிர்பார்த்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது தெரிந்துவிடும். திட்டமிட்டவர்களையும் அவசரக்காரர்களையும் ஒரே திருத்தத்தில் கட்டவும் கூடாது.

திருத்தம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் 90-ஆம் நாள் யார் உயிரோடு இருக்கிறார் என்பது தெரியாவிட்டால் வீண். சேர்க்கையின்போதே இரண்டு உறவினர்களின் தொலைபேசி எண் வாங்க வேண்டும். 91-ஆம் நாளில் அழைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எடுக்காதவரை 'உயிருடன்' என்று எழுதாமல் 'தெரியவில்லை' என்ற தனிக் கட்டத்தில் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் உள்ளவர்கள் இறந்தவர்களைவிட அதிகமாக இருந்தால், அந்த ஆண்டின் விகிதத்தை வெளியே சொல்லாமல் முதலில் தொலைபேசியை எடுங்கள்.